ஒரு பிடி அரிசி

கதை எழுதிச் சோறு தின்ன முடியாது என்று இரண்டு பேருக்கு ஒரே நாளில் தெரிந்தது. இருவரும் அருப்புக்கோட்டைக்காரர்கள், சிநேகிதர்கள். ஒருவன் சங்கிலிராஜ், மற்றவன் பொன்னையா. சேர்ந்து எழுதிய நாவல் அச்சகத்து மூலையில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. அச்சகக்காரர்தான் வழி சொன்னார்: "ஊர்ல கல்யாணம் நடக்குது, சாவு நடக்குது. அதுக்கு எழுதிக் குடுங்கப்பா."

சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். கல்யாண வாழ்த்து மடல் பொன்னையாவுக்கு, கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி சங்கிலிராஜுக்கு. ஒருவர் துறையில் மற்றவர் கால் வைப்பதில்லை என்று கையடித்துக்கொண்டார்கள்.

சங்கிலிராஜின் யோகம், சாவுக்கு மாதம் கிடையாது. ஆளும் கெட்டிக்காரன். மொத்தம் நாலே நாலு பாட்டு எழுதி வைத்துக்கொண்டு, பத்து வருடமாகப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தான். அழுகிற வீட்டில் யார் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

பொன்னையாவுக்கோ ஆடியிலும் மார்கழியிலும் அடுப்பு எரியாது. கல்யாணம் ஆகாதவன் வேறு. அந்த மாதங்களில் சங்கிலிராஜின் மனைவி சீனியம்மாள், யாரும் சொல்லாமலே உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடுவாள். "வாங்கண்ணே, சோறு ஆறுது" என்பாள்.

ஓர் ஐப்பசியில், மூன்று நாள் காய்ச்சலில் சீனியம்மாள் போய்விட்டாள். தன் நாலு பாட்டில் ஒன்றைக்கூட அவள் படத்துக்குக் கீழே போடச் சங்கிலிராஜுக்கு மனம் வரவில்லை. புதிதாக எழுதவும் வரவில்லை.

"கை ஓடலடா. வாக்கு கெடக்கட்டும், நீ எழுது" என்று பொன்னையாவிடம் அழுதான்.

பொன்னையா எழுதினான்:

ஒரு பிடி அரிசி கூடப் போட்டாய்,
வருகிறவன் யாரென்று கேட்கவில்லை.
இன்றும் உலை கொதிக்கிறது,
அள்ளிப் போட உன் கை இல்லை.

படித்தவர்கள் எல்லாம் சுவருக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்தார்கள்.

மார்கழி வந்தது. பொன்னையாவுக்கு வேலை இல்லை; போய் உட்கார்ந்து சாப்பிட அந்த வீட்டிலும் சீனியம்மாள் இல்லை. அப்போது மில் முதலாளி ஒருவரின் தாயார் இறந்தார். மூன்று சமையல்காரர்கள் வைத்து, அடுப்படிப் பக்கமே போகாமல் வாழ்ந்த அம்மாள். "சீனியம்மாளுக்கு எழுதுன மாதிரியே வேணும்" என்று பொன்னையாவிடம் ஆள் வந்தது.

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் சங்கிலிராஜ் டீயும் கையுமாக நிமிர்ந்து பார்த்தான். சுவரில் அந்த அம்மாளின் படம். கீழே, ஓர் எழுத்து மாறாமல் அதே நாலு வரி.

நேரே பொன்னையாவிடம் போனான். "என் சீனியம்மாள வித்துட்டியேடா!"

"நீ பத்து வருஷமாப் பண்ணத நான் ஒரு தடவ பண்ணேன். வாக்கு கெடக்கட்டும்னு சொன்னவனும் நீதான" என்றான் பொன்னையா.

சங்கிலிராஜ் வந்த வழியே திரும்பி நடந்தான்.

படிக்கிற நீங்கள் சொல்லுங்கள்: இந்த இருவரில் துரோகம் செய்தவன் யார்?

விடை: துறைக்குள் வந்தது குற்றமில்லை, கூப்பிட்டவனே சங்கிலிராஜ்தான். பெயர் மாற்றி விற்றதைக் கேட்கவும் அவனுக்கு வாயில்லை. அழுத வீடுகளை ஏமாற்றிய பாவம் அவன் தலையில் இருக்கிறது. ஆனாலும் அவனுடைய நாலு பாட்டும் யாரையும் மனதில் வைத்து எழுதியவை அல்ல. அந்த ஒரு பிடி அரிசியைப் போட்டவள் ஒருத்தி, தின்றவன் ஒருவன். தின்றவனே அதை அடுப்பறியாத அம்மாளுக்குத் தூக்கிக் கொடுத்தான். துரோகி பொன்னையா. சங்கிலிராஜுக்குத்தான் துரோகம் என்று சொன்னால் பாதி விடைதான் சொன்னீர்கள். "வாங்கண்ணே" என்று கூப்பிட்டுச் சோறு போட்டவளுக்கு அவன் செய்தது அது.