‘நான்’ திருடிய மலைவாயன்

ஒரு காலத்தில், மலைக்கும் வாய் இருந்த காலத்தில், பூவரசங்குடி என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் சிலம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். வரப்புச் சண்டையா, மாடு காணாமல் போன வழக்கா, மாமியார் மருமகள் தகராறா, எதுவானாலும் ஊர் அவளிடம்தான் வந்து நிற்கும். “சிலம்பாயி புத்திசாலி” என்று வாய்க்கு வாய் சொல்லும். ஒரே ஒரு குறை. அடுப்பில் பாலை வைத்தால் வைத்ததை மறந்துவிடுவாள். பொங்கி வழிந்ததைத் துடைக்கிறவன் அவள் புருஷன் வைரவன் என்பதால், அந்தக் குறை வெளியே தெரியவில்லை.

வைரவன் பேரில்தான் வைரவன். இருட்டிவிட்டால் கொல்லைப் பக்கம் கால் வைக்க மாட்டான். ஊர் சும்மா இருக்குமா? “புத்திசாலிக்கு வாய்த்த தொடைநடுங்கி” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கேட்டுக் கேட்டு அவன் மனசு புண்ணாகிப் போனது.

ஊருக்கு வடக்கே ஒரு மலை. அந்த மலையில் மலைவாயன் என்ற மந்திரவாதி. அவன் வைத்த பந்தயம் நாடெல்லாம் தெரிந்த பந்தயம்: “உன் தன்மையைச் சொல். சரியாகச் சொன்னால் வரம் உனக்கு. தப்பாகச் சொன்னால் உன் தன்மை மலைவாயனுக்கு.” ஒருநாள் வைரவன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் மலை ஏறினான். தைரியத்தை வரமாகக் கேட்டு வாங்கி வரலாம் என்று ஆசை.

“நீ யார்?” என்று கேட்டான் மலைவாயன்.

“நான் அஞ்சாதவன்” என்றான் வைரவன். சொல்லும்போதே முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டிருந்தன.

அவ்வளவுதான். தொலைந்தது அவன் தன்மை.

தன்மை என்றால் என்ன? குணம் என்பீர்கள். சரிதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று ஒரு பாடம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்குத் தூங்கிவிட்டவர்களுக்காகச் சொல்கிறேன். ‘நான்’ என்பது தன்மை. ‘நீ’ என்பது முன்னிலை. ‘அவன், அவள், அது’, மற்ற ஊர்ப்பட்ட பெயரெல்லாம் படர்க்கை. மலைவாயன் பொல்லாத இலக்கணக்காரன். தன்மையைக் கொடு என்று கேட்டு, ‘நான்’ என்ற சொல்லைப் பிடுங்கிக்கொள்வான்.

வீட்டுக்கு வந்த வைரவனை, “என்னங்க, சாப்பிடுறீங்களா?” என்று கேட்டாள் சிலம்பாயி.

“வைரவனுக்குப் பசிக்கிறது” என்றான் அவன்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. கொஞ்ச நாளில் சிரிப்பு நின்றது. ‘வைரவன்’ என்ற பெயரும் அவன் வாயிலிருந்து உதிர்ந்துவிட்டது. கேட்ட பேச்சின் கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னான். “தாகமா?” என்றால் “தாகமா” என்பான். கையைச் சுட்டுக்கொண்டாலும் ‘எனக்கு வலிக்கிறது’ என்று சொல்ல ஆளில்லை. நாளுக்கு நாள் உடம்பும் மங்கிக்கொண்டே வந்தது. மலையில் நாம் கூப்பிட்டால் திருப்பிக் கூப்பிடுகிறதே, அந்த எதிரொலி எல்லாம் இப்படிக் கரைந்து போன மனிதர்கள்தான். தன் புருஷனும் எதிரொலியாகிவிடுவான் என்று தெரிந்ததும் சிலம்பாயி அழுதாள். அழுதுவிட்டு, இது மலைவாயன் வேலைதான் என்று புளிச்சோறு கட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பினாள்.

வைரவன் வாசலில் உட்கார்ந்து அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாய் திறந்து திறந்து மூடியது. போகாதே என்கிறான் போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

“பயப்படாதீங்க, போயிட்டு வரேன்.”

“வரேன்” என்றான் வைரவன்.

மலையடிவாரத்தில் ஒரு பெரும்பாறை பாதையை அடைத்துக் கிடந்தது. சிலம்பாயி நின்றாள். ‘இது பாறையாக இல்லாமல் இருந்தால்?’ என்று ஊகித்தாள். சுற்றி வந்தாள். பாறைக்குப் பின்னால் தரையில் இழுபட்ட தடம். இழுத்தவர்களின் காலடி எங்கும் இல்லை. அப்படியானால் தானே நகர்கிற பாறைதான் என்று எடைபோட்டாள். கையால் தட்டினாள். ஒரு கிழட்டு ஆமை தலையை நீட்டியது. எத்தனை காலம் எல்லாரும் முட்டித் தள்ளியிருப்பார்களோ என்று மனம் இரங்கி, கொஞ்சம் கீரை பறித்துக் கொடுத்தாள். ஆமை நகர்ந்து வழி விட்டது. சரளைக் கல்லில் கால் சுட்டது. அப்போதுதான் பார்த்தாள்: செருப்பை வீட்டிலேயே விட்டு வந்திருக்கிறாள்.

அதற்கு அப்பால் ஓர் ஆறு. கிட்டே போனால் பொங்குகிறது, விலகினால் அடங்குகிறது. ‘பார்த்தால்தான் பொங்குகிறதோ?’ என்று ஊகித்தாள். ஒரு கண்ணை மூடினாள், பாதி வடிந்தது. இரண்டையும் மூடினாள், சத்தமே இல்லை. சரிதான், கூச்சம் பிடித்த ஆறு என்று எடைபோட்டு, கண்ணை மூடிக்கொண்டே கணுக்கால் தண்ணீரில் நடந்தாள். பாவம், வருகிறவன் எல்லாம் முறைத்திருப்பான் என்று மனம் இரங்கியது. “நான் பார்க்கல தாயி, நீ போ” என்று தண்ணீரைத் தடவிக்கொடுத்தாள். அக்கரையில் வயிறு கூவியது. அப்போதுதான் பார்த்தாள்: புளிச்சோற்று மூட்டை புறப்பட்ட கரையிலேயே கிடக்கிறது.

குகை வாசலில் ஒரு பூதம். “யாரும் உள்ளே போகக் கூடாது. எசமான் உத்தரவு” என்று உறுமியது.

‘உள்ளே போகத்தானே கூடாது? வெளியே வரலாமே’ என்று ஊகித்தாள் சிலம்பாயி. பூதத்தின் கண்கள் வருகிறவர்களின் முகத்தை மட்டும் பார்ப்பதைக் கவனித்து, இது எடுபடும் என்று எடைபோட்டாள். பூதம் கொட்டாவி விட்ட நேரம் திரும்பி நின்று, முதுகைக் காட்டியபடி பின்னாலேயே நடந்தாள். வெளியே போகிறவள் என்று பூதம் கும்பிடு போட்டது. உள்ளே போன பிறகு, இந்தப் பூதத்துக்கு வசவு கிடைக்குமே என்று மனம் இரங்கியது. “அண்ணே, கேட்டா வெளிய போறவளைத்தான் பாத்தேன்னு சொல்லுங்க” என்று சொல்லிக் கொடுத்தாள். பாதத்தில் சுருக்கென்றது. அப்போதுதான் பார்த்தாள்: முள் தைத்து ரத்தம் கசிகிறது.

கேட்டுக்கொண்டே வருகிற உங்களுக்கு இந்நேரம் ஏதோ பிடிபட்டிருக்கும். அவளுக்குப் பிடிபடவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியுமா?

குகைக்குள் மலைவாயன் இருந்தான். தலை சிறிது, வாய் பெரிது. அவன் முன்னால் ஒரு மரக்கொம்பு, ஒன்றன் கீழ் ஒன்றாக நாலு கிளை. பக்கத்தில் நாலு பறவை.

“உன் புருஷனுக்கு வாய்ப்பு ஒன்று. நடந்து வந்த கால் ரத்தத்துக்காக உனக்கு மூன்று” என்றான் அவன். “மலைவாயன் சொல்வதைக் கேள். எல்லா மனிதருக்குள்ளும் இந்த நாலும் உண்டு. கிடப்பதைக் கிடக்கிறபடி பார்க்கும் காக்கை. தண்ணீருக்குள் என்ன இருக்கும் என்று மேலிருந்தே ஊகிக்கும் மீன்கொத்தி. தட்டித் தட்டி எடைபோடும் மரங்கொத்தி. மனம் இரங்கும் புறா. இல்லாத மனிதன் கிடையாது. ஆனால் எது முதலில் விழிக்கிறது, எது துணைக்கு வருகிறது, எது ஒட்டிக்கொண்டு வருகிறது, எது கடைசிவரை தூங்குகிறது? அந்த வரிசைதான் உன் தன்மை. மேலிருந்து கீழாகக் கிளையில் வைத்துச் சொல். முதல் தப்புக்குப் படர்க்கை போகும். இரண்டாவதற்கு முன்னிலை. மூன்றாவதற்குத் தன்மை.”

சிலம்பாயி யோசிக்கவே இல்லை. ஊர் முழுக்கத் தீர்ப்புச் சொன்னவள் அல்லவா? “மரங்கொத்திதான் முதல்ல. நான் புத்திசாலி” என்று அதை உச்சியில் வைத்தாள்.

உச்சிக் கிளை மளுக்கென்று முறிந்தது. “அது ஊர் சொன்ன பதில்” என்றான் மலைவாயன்.

முறிந்த கிளை தானே ஒட்டிக்கொண்டது. சிலம்பாயியின் வாயில்தான் ஒட்டவில்லை. ‘அவர்’ என்று சொல்லப் பார்த்தாள், வரவில்லை. ‘வைரவன்’ வரவில்லை. புருஷனைப் பற்றி வாய் திறக்க ஒரு சொல்கூட இல்லாமல் போனது. மனசுக்குள் மட்டும் அவன் முகம் நின்றது. அந்த முகத்துக்காகத்தானே செருப்பில்லாமல் இத்தனை தூரம் வந்தேன் என்று நினைத்து, புறாவை எடுத்து உச்சியில் வைத்தாள்.

“நீ கேட்கிறாய். நான் அழுதேன். அழுதுதான் வந்தேன்” என்றாள்.

கிளை மறுபடி முறிந்தது. “அது நீ ஆசைப்பட்ட பதில்” என்றான் மலைவாயன். “துக்கம் வந்தால் எல்லார் வீட்டிலும் புறா கத்தும். அதற்காக அது மூத்தது ஆகிவிடுமா?”

இப்போது ‘நீ’யும் போனது. கெஞ்ச முடியாது, ஏச முடியாது, கேள்வி கேட்க முடியாது. பெயர் இல்லை, எதிராளி இல்லை. நாக்கில் மிச்சம் ‘நான்’ மட்டும்தான். இன்னொரு தப்பு, அதுவும் போகும். அவளும் எதிரொலி, அவனும் எதிரொலி. மலைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

சிலம்பாயி தரையில் உட்கார்ந்தாள். ‘நான் புத்திசாலி’ என்று முனகப் பார்த்தாள், ‘புத்திசாலி’ வரவில்லை. அது பெயர், படர்க்கையோடு போய்விட்டது. ‘நான் அன்பானவள்’ என்று பார்த்தாள், அதுவும் பெயர்தான். பிறர் சூட்டியதும், தானே சூட்டிக்கொண்டதும், பூசிய பொடி போல எல்லாம் உதிர்ந்துவிட்டது. அப்படியானால் ‘நான்’ என்ற சொல்லுக்குப் பின்னால் எதுதான் நிற்கும்? செய்தது மட்டும்தான் நிற்கும்.

நடந்து வந்த வழியை நினைத்துக்கொண்டு, மெல்ல வாய்விட்டுச் சொன்னாள்.

“ஊகித்தேன். எடைபோட்டேன். இரங்கினேன். கடைசியில் பார்த்தேன்.”

ஆமையை நினைத்துச் சொன்னாள். ஆற்றை நினைத்து மறுபடி சொன்னாள். “ஊகித்தேன். எடைபோட்டேன். இரங்கினேன். பார்த்தேன்.” பூதத்தை நினைத்து மூன்றாவது முறை சொன்னாள். சொற்கள் மாறவில்லை. சொற்களின் வரிசையும் மாறவில்லை. சொன்னதைத் தானே கேட்டு, பொங்கி வழிந்த பாலையெல்லாம் நினைத்து, அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மலைவாயன் சிரிக்கவில்லை. பறவைகள் யார் சொல்லும் கேட்காமல் எழுந்தன. மீன்கொத்தி உச்சிக்குப் போய் வாசலைப் பார்த்து உட்கார்ந்தது. அதன் கீழே மரங்கொத்தி, குகையின் உட்பக்கம் பார்த்து. அதன் கீழே புறா. கடைசிக் கிளையில் காக்கை ஏறி, உட்கார்ந்த உடனே கண்ணை மூடித் தூங்கிவிட்டது. கிளை எதுவும் முறியவில்லை.

“நீ” என்று வந்தது அவள் வாயில். “அவர்” என்றும் வந்தது. “அவரு என் வைரவன்” என்று சொல்லிப் பார்த்து அழுதாள்.

“பந்தயம் பந்தயம்தான்” என்றான் மலைவாயன். “மலைவாயன் உனக்கு வரம் தருவான். ஆனால் ஒரே ஒரு சொல். கேள், எந்தச் சொல் வேண்டும்?”

‘நான்’ என்று கேட்டால் வைரவன் பிழைப்பான். குகைச் சுவரெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருக்கும் மற்ற எதிரொலிகள்? சிலம்பாயி மலைவாயனையே பார்த்தாள். ‘நான் வந்ததிலிருந்து இந்த ஆள் ஒரு தடவையாவது ‘நான்’ என்று சொன்னாரா? ஒருவேளை, இவரிடமே அது இல்லாமல் இருந்தால்?’ என்று ஊகித்தாள். மலைவாயன் கேட்கிறான், மலைவாயன் தருவான். அவன் பேச்சையெல்லாம் திரும்ப நினைத்து எடைபோட்டாள். எல்லாருடையதையும் திருடியும் தனக்கென்று ஒன்று பொருந்தாமல், இவ்வளவு பெரிய வாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே என்று மனம் இரங்கியது.

“நாம்” என்றாள். “அந்தச் சொல்லைக் குடுங்க ஐயா.”

மலைவாயன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். “நாங்கள் என்று கேட்டிருக்கலாமே. பறிகொடுத்தவர்கள் எல்லாரும் அதில் அடங்குவார்கள். மலைவாயன் வெளியே நின்றிருப்பான்.”

“அதனாலதான் கேக்கல” என்றாள் சிலம்பாயி.

அவன் வாயைத் திறந்தான். திருடு போன ‘நான்’ எல்லாம் தேனீக் கூட்டம் போலக் கிளம்பி, சுவரிலிருந்து, மலையிலிருந்து, அவரவர் ஊரைப் பார்த்துப் பறந்தன. கடைசியாக ஒன்று, எங்கும் போகத் தெரியாமல் குகைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, மலைவாயனின் நாக்கில் உட்கார்ந்தது.

“நான்” என்றான் அவன். பழக்கமில்லாத சொல். “எனக்கு… எனக்கு ரொம்பப் பசிக்கிறது.”

“ஆத்தங்கரையில புளிச்சோறு மறந்து வச்சிருக்கேன். எடுத்துச் சாப்பிடுங்க. ஆத்தை மட்டும் முறைக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, நொண்டி நொண்டி மலை இறங்கினாள் சிலம்பாயி.

வைரவன் அதே வாசலில், அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். மடியில் அவளுடைய செருப்பு இரண்டும் இருந்தன. அவளைக் கண்டதும் எழுந்து ஓடி வந்து, குனிந்து அவள் பாதத்தைத் தூக்கி, எங்கே முள் என்று கேட்காமலே முள்ளைப் பிடுங்கினான்.

“எனக்குப் பயமா இருந்துச்சு சிலம்பு” என்றான். “நீ வெறுங்காலோட கிளம்புனே. நான் பாத்தேன். முதல்ல அதைத்தான் பாத்தேன். சொல்ல வாய் வரல.”

சிலம்பாயி செருப்பை மாட்டிக்கொண்டாள். அதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கியதா என்று கேட்காதீர்கள். அவர்கள் அங்கே சுகம், நாம் இங்கே சுகம்.