ரெண்டு சாமான்

ஆற்றின் இக்கரையில் ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் இருந்தது. மகன் பெயர் சிலம்பன். அவன் பெண்டாட்டி செவந்தி. அவர்களுக்கு இரண்டு குட்டிகள். மூத்தது மொச்சை, வாய் ஓயாத பெண். இளையது பொடியன், முள் இன்னும் மெத்தென்று இருக்கிற வயசு. சிலம்பனைப் பெற்ற கிழவனும் கிழவியும் பக்கத்து வளையில் தனியாக இருந்தார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் அக்கரைக் காடு. அது வேறு ராஜ்யம். அங்கே பேச்சு வேறு, மண்ணின் வாசனையே வேறு. மலையிலிருந்து ஒரு பெரிய அருவி விழும். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், "நாங்க அக்கரைக்குப் போயிருந்தப்ப" என்று தொடங்காமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். கேட்டுக் கேட்டு சிலம்பனுக்கும் அந்த ஆசை வந்துவிட்டது.

ஆனால் இரண்டு குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவது எப்படி? செவந்திதான் வழி கண்டுபிடித்தாள். அன்றைக்கே இரண்டு பேரும் பக்கத்து வளைக்குப் போனார்கள்.

"அப்பா, உங்களையும் அம்மாவையும் அக்கரைக்குக் கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை" என்றான் சிலம்பன்.

கிழவி கையில் இருந்த கிழங்கைக் கீழே வைத்துவிட்டாள். சின்ன வயசில் ஒருமுறை ஆற்றங்கரையில் நின்று அந்த அருவியை அவள் தூரத்திலே பார்த்திருக்கிறாள். மலையில் யாரோ நூலைத் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. கிட்டப் போனால் அது எப்படி இருக்கும் என்று, கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து கிழவனைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கிழவன் கருக்கனும் போகலாம் போகலாம் என்று சொல்லிச் சொல்லியே கிழவனாகிவிட்டான்.

இரண்டு நாள் உட்கார்ந்து கிழங்கு வற்றல் போட்டாள் கிழவி. குட்டிகளுக்கு வயிறு நொந்தால் உரசிக் கொடுக்க ஒரு துண்டு வசம்பும் எடுத்து வைத்துக்கொண்டாள். கிளம்புகிற காலையில் எல்லாருக்கும் முன்னால் வளைக்கு வெளியே வந்து நின்றாள்.

ஆற்றுத் துறையில் கூட்டமான கூட்டம். இரண்டு எருமைகள் இழுக்கிற தெப்பம் ஒன்று அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வந்தது. துறையில் ஒரு நாரை ஒற்றைக்காலில் நின்று, போகிறவர்கள் கணக்கை ஈரக் களிமண் பலகையில் அலகால் கீறி எழுதியது.

ஆள் என்றால் பேர் சொல்ல வேண்டும். வயசானவர்களுக்குத் தனி வரிசை. ஒரு தெப்பத்தில் இரண்டு வயசானவர்களுக்குத்தான் இடம். அந்த வரிசை அரச மரத்தையும் தாண்டிப் போயிருந்தது. சாமானுக்கு வரிசையே இல்லை. தூக்கிப் போட்டுவிட்டு ஏறிவிடலாம்.

சிலம்பன் வரிசையைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். பின்னால் நின்ற ஒரு நரி அவன் காதோரம் குனிந்தது.

"சாமான்னு எழுதிடுங்க மாப்ளே. எங்கம்மாவை நான் அப்படித்தான் எழுதப் போறேன். இதெல்லாம் யார் பார்க்கறா?"

சிலம்பன் நாரையிடம் போனான். தன் பேர், செவந்தி பேர், குட்டிகள் பேர் எல்லாம் கணீரென்று சொன்னான். பிறகு, "அப்புறம் ரெண்டு சாமான்" என்றான்.

நாரை கழுத்தை நீட்டிப் பார்த்தது. "சாமானா? கண்ணைச் சிமிட்டுதே."

"பழைய சாமான் ஐயா" என்று சிரித்தான் சிலம்பன். நரியும் சிரித்தது.

கருக்கனின் முதுகில் இருந்த முள் அத்தனையும் சடசடவென்று நிமிர்ந்தது. கிழவி அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். அருவி அவள் கண்ணுக்குள் இருந்தது. அதற்காகப் பொறுத்துக்கொண்டாள்.

நாரை எழுதி முடித்துவிட்டுச் சொன்னது: "போகும்போது எதுவோ, வரும்போதும் அதுதான். தெப்பம் நிறைஞ்சா சாமான் கரையில நிக்கும். இல்லன்னா பின்கயித்துல கட்டித் தண்ணியில இழுப்போம். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

"சரி, சரி" என்று சிலம்பன் ஏற்கெனவே தெப்பத்தில் கால் வைத்துவிட்டான்.

கிழவனும் கிழவியும் மூட்டைகளோடு மூட்டையாகப் பின்னால் உட்கார்ந்து போனார்கள். ஒரு வெள்ளாடு தன் புல்லுக்கட்டைக் கிழவியின் மடியில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. சாமான்மேல் சாமான் வைப்பதில் என்ன தப்பு?

அக்கரையில் ஒரு பாறை இடுக்கில் தங்கினார்கள். மறுநாள் விடிந்ததும் சிலம்பன் சொன்னான், "நீங்க ரெண்டு பேரும் நிழல்ல சும்மா உக்காந்து குட்டிங்களைப் பாத்துக்கங்க. நாங்க போய் வழி எப்படின்னு பாத்துட்டு வந்துடறோம்."

வழி பார்க்கப் போனவர்கள் பொழுது சாயத்தான் திரும்பினார்கள். உடம்பெல்லாம் நனைந்து பளபளவென்று இருந்தது.

"அருவியைப் பாத்தியா? தண்ணி என்ன நிறமா இருந்துச்சு?" என்று கிழவி கேட்டாள்.

"தண்ணிக்கு என்னம்மா நிறம்" என்று சொல்லிவிட்டுச் சிலம்பன் படுத்துவிட்டான்.

இரண்டாம் நாளும் அதே கதை. அருவியின் மேல்படியைப் பார்க்கப் போனார்கள். பொடியன் தெரியாத ஊர்ப் பழத்தைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினான். கிழவி வசம்பை உரசிக் கொடுத்தாள். கிழவன் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பாறைக்கும் மரத்துக்குமாக நடந்தான். மொச்சை ஓயாமல் கேள்வி கேட்டாள். நிலா ஏன் இங்கேயும் வந்தது, எருமைக்கு நீந்தச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டுக்கொண்டே வந்தவள், இதுவரை யாரும் கேட்காத ஒன்றையும் அப்பத்தாவிடம் கேட்டாள். கிழவி கையில் இருந்த வசம்பைக் கீழே வைத்தாள். பிறகு குனிந்து, அதற்கான பதிலைப் பேத்தியின் காதில் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலையில் கிழவி தானே எழுந்து நின்றாள். "இன்னைக்கு நானும் வர்றேன். மெதுவா நடந்தா வந்துடுவேன்."

செவந்தி அலுத்துக்கொண்டாள். "அத்தே, இந்த வெயில்ல உங்களையும் எடுத்துட்டு எப்படி அலையறது?"

கிழவி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். மூட்டையைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள். நாரையிடம் சொன்னது வரிசைக்குப் பயந்து சொன்ன பொய் என்று அவள் இதுவரை தன் மனசுக்குச் சமாதானம் சொல்லி வைத்திருந்தாள். இது பொய்யாக வரவில்லை. வாயில் தானாக வந்துவிட்டது.

அன்றைக்கும் குட்டிகளைப் பார்த்துக்கொண்டாள். நான்காம் நாள் காலையில் செவந்தி குட்டிகளைக் கொண்டுவந்து கிழவி முன்னால் விட்டாள். கிழவியும் கிழவனும் தலையை உள்ளே இழுத்துச் சுருண்டு, இரண்டு மூட்டை மாதிரி அசையாமல் கிடந்தார்கள்.

"அம்மா, நாங்க கிளம்பறோம்" என்றான் சிலம்பன். பிறகு அப்பா பக்கம் திரும்பினான். "அப்பா, உங்களைத்தான்."

"சாமான் பேசாது" என்றது ஒரு மூட்டை.

"சாமான் பிள்ளை பாக்காது. சந்தேகம்னா எழுதின நாரையைப் போய்க் கேளு" என்றது இன்னொரு மூட்டை.

மொச்சைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவளும் சுருண்டு படுத்து மூன்றாவது மூட்டையானாள்.

வேறு வழியில்லாமல் சிலம்பனும் செவந்தியும் குட்டிகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். நூறு அடி போவதற்குள் மொச்சைக்கு மூன்று தடவை ஒதுங்க வேண்டியிருந்தது. பொடியன் இறக்கிவிட்டால் அழுதான், தூக்கினால் நெளிந்தான். பாதி வழியில் நாலு பேரும் திரும்பி வந்தார்கள். சிலம்பனுக்கு ஆத்திரம் பொங்கியது.

"இவ்வளவு தூரம் உங்களைக் கூட்டிட்டு வந்ததுக்கு இதுதானா பலன்?"

கருக்கன் தலையை வெளியே நீட்டினான். "கூட்டிட்டு வந்தியா? எடுத்துட்டு வந்தேன்னு சொல்லு. ஆளுன்னு எழுத உனக்கு நேரமில்ல, ஆள் செய்யற வேலை மட்டும் வேணும். வெக்கமா இல்லையாடா உனக்கு?"

சிலம்பன் வாயைத் திறப்பதற்குள் மலைக்கு மேலே வானம் இடித்தது. மழைக்காலம் முன்னாலேயே வந்துவிட்டது. துறைப் பக்கமிருந்து எருமை கனைக்கும் சத்தம் கேட்டது. கடைசித் தெப்பம் கிளம்பப் போகிறது என்று அர்த்தம். அதை விட்டால் மூன்று மாதம் ஆற்றைக் கடக்க முடியாது.

குட்டிகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள். கிழவி மூச்சு வாங்க வாங்கக் கடைசியாக வந்து சேர்ந்தாள். ஆறு செம்மண் கரைத்த மாதிரி புரண்டுகொண்டு போயிற்று. தெப்பத்தில் இரண்டே இடம் பாக்கி.

தெப்பத்தோடு வந்திருந்த நாரை தன் களிமண் பலகையைப் பார்த்துப் படித்தது. "ரெண்டு ஆள், ஏறு. குட்டிங்க மடியில. ரெண்டு சாமான், இடமில்ல. கரையில விடவா, கயித்துல கட்டவா?"

சிலம்பன் கரையைப் பார்த்தான். மூட்டைகளுக்கு நடுவில் ஒரு கிழட்டு நரி நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் மகன் தெப்பத்தில் நல்ல இடமாகப் பிடித்துக்கொண்டு, அம்மா இருக்கும் திசையைப் பார்க்காமல் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. சிலம்பன் கயிற்றைப் பார்த்தான். அது வெள்ளத்தில் சாட்டை மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. கிழவியின் கை அதை ஒரு நொடிகூடப் பிடிக்காது. கரையில் விட்டால் வளையும் இல்லை, ஊரும் தெரியாது, சிறுத்தை நடமாடுகிற காடு.

"ஐயா, அது சாமான் இல்ல. எங்க அப்பா, அம்மா."

"போகும்போது சாமான். வரும்போது எப்படி அப்பா அம்மா ஆச்சு?"

"தப்புதாங்க ஐயா. மாத்தி எழுதுங்க."

"ஆளுன்னா பேர் வேணும். கூட்டிட்டு வந்தவன் சொல்லணும். சொல்லு."

"அப்பா பேர் கருக்கன்."

"அம்மா பேர்?"

சிலம்பன் வாயைத் திறந்தான். அது திறந்தபடியே இருந்தது. அவன் அவளை அம்மா என்று கூப்பிட்டிருக்கிறான். அப்பன் "ஏய், இந்தா" என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறான். காட்டில் உள்ளவர்கள் முதலில் கருக்கன் பெண்டாட்டி என்றார்கள், பிறகு சிலம்பன் அம்மா என்றார்கள். அவளுக்கென்று ஒரு பேர் இருக்கும் என்பதே அவனுக்கு இன்றைக்குத்தான் தோன்றியது.

"அம்மா..." என்றான்.

"அம்மாங்கறது ஊர் உலகத்துக்கெல்லாம் உள்ளது. பேரைச் சொல்லு. தண்ணி ஏறுது."

சிலம்பன் தாயின் முகத்தைப் பார்த்தான். அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாமான் பேசாது அல்லவா?

"தாழம்பூ" என்றது ஒரு சின்னக் குரல். செவந்தியின் இடுப்பிலிருந்து மொச்சைதான் சொன்னாள். "அப்பத்தா பேரு தாழம்பூ. நான் கேட்டேன், சொன்னாங்க."

சிலம்பன் தலை குனிந்து நின்றான். பிறகு நாரைக்குக் கேட்கும்படி, தன் வாயால், "தாழம்பூ. எங்கம்மா பேர் தாழம்பூ" என்றான்.

நாரை எழுதியது. "கடைசித் தெப்பத்துல வயசானவங்களுக்குத்தான் முதல் இடம். கருக்கன், தாழம்பூ, ரெண்டு பேரும் ஏறுங்க. குட்டிங்களை வாங்கிக்கங்க. தெப்பம் நிறைஞ்சு போச்சு."

தாழம்பூ உடனே ஏறவில்லை. தெப்பத்தில் இருந்த நரியைப் பார்த்தாள். "ஏம்பா, உனக்கு உங்கம்மா பேர் தெரியுமா தெரியாதா?"

நரிக்கு நன்றாகத் தெரியும். வெள்ளாடும் எருமையும் மற்ற எல்லாரும் திரும்பி அதையே பார்த்தார்கள். நரி முனகிக்கொண்டே பேரைச் சொல்லிவிட்டு இறங்கி, தன் இடத்தில் கிழட்டு நரியை ஏற்றியது.

கரையில் சிலம்பனும் செவந்தியும் நரியும் நனைந்துகொண்டு நின்றார்கள். நாரை அவர்களைச் சுட்டியது. "இது மூணும்?"

தாழம்பூ பொடியனை மடியில் சரியாக உட்கார வைத்துக்கொண்டாள்.

"அதுவா? எங்க சாமான்தான். விட்டுட்டுப் போக மனசு வரல. பின்கயித்துல கட்டி எடுத்துட்டு வாங்க."

"பழைய சாமானா?" என்று நாரை கேட்டது.

"புதுசுதான். நனைஞ்சா ஒண்ணும் ஆகாது."

எருமைகள் இழுத்தன. வாய் நிறையச் செம்மண் தண்ணீரைக் குடித்துக்கொண்டு மூன்று சாமானும் கயிற்றைப் பிடித்தபடி பின்னால் வந்தன. தெப்பத்தில் இருந்தவர்கள் முகம் இக்கரையைப் பார்த்து இருந்தது. நடு ஆற்றில் தெப்பம் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியது. மொச்சை கத்தினாள், "அப்பத்தா, அங்க பாரு."

மழை வெள்ளத்தில் அருவி பெருகி, மலையின் பாதியை மறைத்துக்கொண்டு விழுந்தது. தாழம்பூ கண்ணை இடுக்கிக்கொண்டு அது மறைகிற வரைக்கும் பார்த்தாள்.

"தண்ணிக்கு நிறம் இல்லைன்னானே இவன்" என்றாள். "நல்ல செவப்பு. கனிஞ்ச அத்திப்பழம் மாதிரி."

பெற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு மூட்டையாக எடுத்துக்கொண்டு போகிறவன், என்றைக்காவது ஒரு நாள் அதே மூட்டைகளுக்குப் பின்னால் கயிற்றில் தொங்கிக்கொண்டுதான் வீடு வந்து சேர்வான்.