பல்பிடுங்கிப் பவளம் கல்லான கதை

நாமக்கல்லில், டயர் கடை மாடியில், ஒரு குரு இருந்தார். பெயர் பூங்கோதை. வயது இருபத்தாறு. வாரத்தில் ஆறு நாள் பல் டாக்டருக்கு உதவியாள். ஞாயிறு மதியம் மட்டும் பூதம், ராட்சசன், கிழட்டு ராஜா, ராஜா வளர்க்கும் ஆடு என்று எல்லாக் குரலிலும் பேசிக் கதை நடத்துவார். மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ திருடியாகவோ அந்தக் கதைக்குள் இறங்குவார்கள். குகைக்குள் என்ன இருக்கிறது என்று குரு சொல்வார். பள்ளத்தைத் தாண்டினார்களா, விழுந்தார்களா என்று இருபது முகப் பகடை சொல்லும்.

சீடர் பெயர் நாச்சிமுத்து. வயது நாற்பத்தெட்டு. லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். பூங்கோதையிடம் வித்தை கற்று, சனிக்கிழமைகளில் தன் பட்டறையிலேயே தனி மேசை போட்டிருந்தார். அதில் ஆடுகிறவர்கள் ரிஸ்வானும் சுகுணாவும். முதல்முறை அவர் "குருவே" என்றபோது பூங்கோதைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது.

வழக்கமாக ஆடுகிறவர்கள் ஊரில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்து மட்டும் வந்து உட்கார்ந்தார். கக்கத்தில் அவருடைய மறைப்பு அட்டை. கதை நடத்துகிறவர் தன் குறிப்புகளை மற்றவர்கள் பார்க்காமல் இருக்க முன்னால் நிறுத்திக்கொள்வது. அவரே அதில் ஒரு டிராகன் வரைந்திருந்தார். கைப்பழக்கத்தில் டிராகனுக்குக் கீழே "ஒலி எழுப்பவும்" என்றும் எழுதியிருந்தார்.

"குருவே, என் மேசை காலியாகப் போகுதுங்க."

"ஏனுங்ணா, யாராச்சும் செத்துட்டாங்களா?"

"அதாங்க இல்ல. ஒரு வருசமா ஒருத்தர்கூடச் சாகல."

விளையாட்டில் சாவு நேராக வந்து நின்றுவிட்டால், கடைசியாக ஓர் உருட்டு உண்டு. பதினொன்றோ அதற்கு மேலோ விழுந்தால் ஆள் பிழைத்தார். பத்தோ அதற்குக் கீழோ விழுந்தால் அவ்வளவுதான். சாகப்போகிறவரே உருட்ட வேண்டும் என்பது குருவின் மேசை வழக்கம்.

"என் மேசையில அதை நானே அட்டைக்குப் பின்னால உருட்டிக்கறேங்க" என்றார் நாச்சிமுத்து. "மூணு விழும். பதினேழும்பேன். ரெண்டு விழும். பத்தொம்பதும்பேன்."

"யாருக்கும் தெரியாதுங்களா?"

"போன வாரம் கல்லுக்கண் பாம்பு ரிஸ்வானோட ஆளைப் பார்த்துருச்சுங்க. பார்த்தாக் கல்லாகோணும். அவன் கடலை உரிச்சுக்கிட்டே, 'பிழைச்சுட்டேன், அடுத்து சொல்லுங்ணா'ங்கறான். நான் இன்னும் உருட்டவே இல்லைங்க."

குரு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"அடுத்த வாரத்துல இருந்து கேரம் ஆடலாம்னு சுகுணா சொல்லிருச்சு. அந்த ரெண்டு பேரும் போயிட்டா மேசையில நான் மட்டுந்தான். நிஜமாவே கொல்லோணுங்களா? பேர் வெச்சு, மீசை வெச்சு வளர்த்த ஆளுங்களை ஒரே உருட்டுல எப்படிங்க கொல்றது?"

குரு அலமாரியைத் திறந்து, அட்டை கிழிந்த ஒரு நோட்டை எடுத்தார். பல்பிடுங்கிப் பவளம். மற்றவர்கள் நடத்தும் கதைகளில் ஏழு வருடமாகக் குரு ஆடிவரும் திருடி. பூதங்களின் பல்லைப் பிடுங்கிக் கோத்து மாலை போட்டிருப்பவள். இந்த ஊர் மேசைகளில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை.

"அவங்க ரெண்டு பேரையும் இங்க வரச் சொல்லுங்ணா. இன்னைக்கு நீங்க கதை சொல்லுங்க. பவளம் ஆடறா. அதே பாம்பு."

மெடிக்கல் ஷாப் ரிஸ்வான் கடலைப் பொட்டலத்தோடு வந்தான். தபால் ஆபீஸ் சுகுணா கேரம் போர்டோடு வந்தாள்.

"எதுக்கும் இருக்கட்டும்னு கொண்டாந்தேன்" என்றாள்.

நாச்சிமுத்து அட்டையை நிறுத்திவிட்டுத் தொண்டையைச் செருமினார். பாம்பு குகையில் சுருண்டு கிடந்தது. ரிஸ்வானின் ஆளும் சுகுணாவின் ஆளும் பின்னால் பதுங்கினார்கள். பவளம் பதுங்கவில்லை. நேராகப் போய் அதன் மூக்கைத் தட்டினாள். பல் டாக்டரின் குரலில் குரு சொன்னார்:

"வாயைத் திறங்க. இன்னும் கொஞ்சம். ஆங், எச்சில் முழுங்காதீங்க. எத்தனை நாளா வலிக்குது?"

ரிஸ்வானே சிரித்துவிட்டான். பாம்பு கண்ணைத் திறந்தது.

"கடைசி உருட்டுங்க" என்றார் நாச்சிமுத்து மெதுவாக.

"பகடையைக் கொடுங்ணா, ஊதித் தர்றேன்."

"வேண்டாங்க. நானே உருட்டிக்கறேன்."

அட்டைக்குப் பின்னால் பகடை உருண்டு நின்றது. நாலு.

நாச்சிமுத்து கிழிந்த நோட்டைப் பார்த்தார். ஏழு வருடம்.

"பதினஞ்சு" என்றார்.

"சரி" என்றார் குரு. ரிஸ்வானின் பொட்டலத்தை இழுத்து ஒரு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். "அடுத்து சொல்லுங்ணா."

அதே ரிஸ்வான் குரல். அதே இழுப்பு. ரிஸ்வான் தலையைக் குனிந்துகொண்டான். சுகுணா கேரம் காய்களை வட்டமாக அடுக்க ஆரம்பித்தாள். அறையில் கடலைத்தோல் உடையும் சத்தம் மட்டும் கேட்டது.

நாச்சிமுத்துவின் காது சிவந்தது. டிராகன் அட்டையை எடுத்துக் கீழே போட்டார்.

"பொய்ங்க. நாலு விழுந்துச்சு."

மூன்று பேரும் பகடையைப் பார்த்தார்கள். நாலுதான்.

பொட்டலம் கவிழ்ந்தது. "பவளம் போயிட்டாளா?" என்றாள் சுகுணா. "நம்ம பவளமா?"

குரு கன்னம் உப்பி, உதடு குவிந்து, கிடைக்காத பகடையை ஊதுகிற கோலத்தில் அப்படியே கல்லாகியிருந்தார். ரிஸ்வான் மூக்குக்குக் கீழே ஒரு கடலையை ஆட்டிப் பார்த்தான். இமைகூட அசையவில்லை.

"என் ஆள் பவளம் சிலைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கறாண்ணா" என்றான் ரிஸ்வான் அவசரமாக.

"நானும்" என்றாள் சுகுணா. "தள்ளி நில்லு. உன் ஆள் தொப்பை வெளிய தெரியுது."

"பாம்பு தொப்பையைப் பார்க்குது" என்றார் நாச்சிமுத்து.

சொல்லிவிட்டு, கை தானாகப் பகடையிடம் போனது. பாதியில் நிறுத்தினார். பகடையை எடுத்து ரிஸ்வானின் உள்ளங்கையில் வைத்தார்.

ரிஸ்வான் ஊதினான். போதவில்லை என்று சுகுணா ஒருமுறை ஊதினாள். "நீங்களும் ஊதுங்ணா" என்றான். பாம்புக்குச் சொந்தக்காரர் ஊதலாமா என்று ஒரு வழக்கு நடந்தது. கடைசியில் அவரும் ஊதினார். பகடை மேசையெல்லாம் ஓடி, கேரம் போர்டில் முட்டித் திரும்பி, விளிம்பில் தள்ளாடி நின்றது.

பதினொன்று.

எழுந்த கூச்சலில் கீழே ஸ்பேனர் விழுந்தது. டயர் கடைக்காரர் படியில் பாதி ஏறி, "மேல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

"பூங்கோதை கல்லாயிட்டாங்க" என்றாள் சுகுணா.

"அப்படிங்களா" என்று அவர் இறங்கிப் போய்விட்டார். சிலையின் கன்னம் மட்டும் லேசாக நடுங்கியது.

சாயங்காலம் இருவரும் கிளம்பினார்கள். சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று படியிலிருந்தே ரிஸ்வான் கத்திக் கேட்டுக்கொண்டு போனான். கேரம் போர்டைச் சுவரில் சாய்த்தபடியே மறந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

குரு நோட்டில் புதுப் பக்கம் திருப்பிப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"குருவே, இனிமே நான் கொல்லோணுங்களா, காப்பாத்தோணுங்களா?"

குரு பென்சில் தூளை ஊதிவிட்டார்.

"அவங்க ஊதி முடிக்கிற வரைக்கும் அவசரப்படுத்தாதீங்ணா."