முதல் இலை

“உட்கார்றதுல ஒண்ணுமில்லடா, எந்திரிக்கிறதுலதான்...” என்று பந்தியில் எங்கள் பெரியப்பா ஏதோ சொல்வார். மீதி மறந்துவிட்டது. அதோடு அவர் சொன்ன கதை மட்டும் நினைவிருக்கிறது.

ஒரு மடத்தில் மாசானம் என்ற சீடர் குருவிடம் போய் நின்றார்.

“சிதம்பரநாதருக்கே ஏன் சாமி எப்பவும் முதல் இலை?”

முதல் இலையில் உட்காருகிறவருக்குத்தான் அடுத்து மடத்துப் பாடசாலைப் பொறுப்பு. அது எல்லோருக்கும் தெரியும்.

“வயிறு எரியுதா?” என்றார் குரு.

“எரியுது. ரெண்டு பேரும் ஒரே நாள்தான் மடத்துக்கு வந்தோம். இப்போ ரெண்டு பேருக்கும் தலை நரைச்சாச்சு. அவர் ஓதுவார் வீட்டுப் பிள்ளை, தொட்டில்லயே பதிகம் கேட்டவர். நான் உப்பளத்துக்காரன் மகன். எழுத்தையே இங்க வந்துதான் பார்த்தேன். அவர் ஒப்பிச்சு முடிச்சதும் நீங்க அடுத்த பாட்டுக்குப் போயிடுவீங்க. நான் முதல் அடியிலயே நிப்பேன்.”

“ஆமாம். போயிட்டேன்.”

குருவே மேலும் சொன்னார்.

“இன்னிக்கு முதல் இலையில நீ உட்காரு. உன் கடைசி இலையில அவன் உட்காரட்டும்.”

ஆவி பறக்கச் சோறு விழுந்தது. குழம்பு, ரசம், மோர். வாழ்க்கையில் முதல்முறையாக மாசானம் நிதானமாகச் சாப்பிட்டார்.

எழுந்தார்.

முதல் இலைக்காரர் எழுந்தால் பந்தியே எழ வேண்டும். மடத்து வழக்கம். எல்லோரும் எழுந்தார்கள்.

கடைசி இலையில் சிதம்பரநாதர் அப்போதுதான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

தினமும் சிதம்பரநாதர் தன்னிடம் கேட்பதை இன்று மாசானம் கேட்டார்.

“என்ன ஓய், இலையில இன்னும் உப்பு வாரிட்டு இருக்கீரா?”

பந்தி சிரித்தது. மாசானத்துக்கு மோரை விட அது குளிர்ந்தது.

“சோறு இப்பத்தான்யா வந்துது” என்றார் சிதம்பரநாதர். இலையை மூடினார்.

மாசானம் அங்கேயே நின்றுவிட்டார். தினமும் கடைசி இலையிலிருந்து தான் சொல்லும் பதில் அது. ஒருநாளும் யார் காதிலும் விழுந்ததில்லை.

வாசலில் இருந்த குரு கேட்டார்.

“நாளைக்கு எங்க உட்காரப்போறே?”

“முதல் இலையிலதான் சாமி.”

“அப்போ பாடசாலையும் வேணும்?”

“வேணும்.”

குரு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மாசானம் முதல் இலையில் உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்தார். கடைசி இலையில் சிதம்பரநாதருக்கு அப்போதுதான் சோறு விழுந்தது.

மாசானத்தின் எச்சில் கை காய்ந்தது.

எழவில்லை.