துண்டு யார் கையில்

எங்கள் குத்துச்சண்டைக் கொட்டகையில் ஒரு பழக்கம் உண்டு. போட்டிக்குப் போகிறவள் தன் துண்டைத் தன் கையாலேயே ஒருத்தரிடம் கொடுத்துவிட்டு ரிங்கில் ஏற வேண்டும். வாங்கியவர் மூலையில் நிற்பார். இவள் வாங்கிய அடி போதும் என்று அவருக்குத் தோன்றினால் துண்டை உள்ளே எறிவார். அதோடு போட்டி முடிந்தது. ஏன் எறிந்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது.

கேட்கக் கூடாதாம்! கேட்காமல் விட்டவள் ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை.

போன வாரம் பயிற்சியில் என் தோழி வேம்பு தாடையில் அடிவாங்கி விழுந்தாள். எழுந்து சிரித்தாள். வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்தாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, இன்னொரு அடி பட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார். அவள் அந்தப் படத்தைச் சுருட்டி பீரோ மேலே போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாநில இறுதிப் போட்டி.

என்னிடம் மட்டும்தான் சொன்னாள். அவள் கையைப் பிடித்து எங்களுக்குச் சண்டை கற்றுத்தரும் எஸ்தர் மாஸ்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். மாஸ்டர் எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் ரிங்கில் நின்றவர்தான். அவர் உடன் வராமல் எங்களில் யாரும் எந்தப் போட்டியிலும் ஏற முடியாது.

மழை பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரை ஒழுகி ரிங்கின் நடுவே தண்ணீர் தேங்கியிருந்தது. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மாஸ்டர் திட்டவில்லை.

வேம்புதான் கேட்டாள். "எங்க நிறுத்தணும்னு ஒருத்திக்கு எப்படி மாஸ்டர் தெரியும்?"

"துண்டு வச்சிருக்கியா?"

"இருக்கு."

"ஞாயித்துக்கிழமை யார்கிட்ட குடுப்ப?"

"கோகிலாகிட்ட." என்னைக் காட்டினாள்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "நீ எறிவியாடி?"

"அவ ஜெயிச்சுட்டிருந்தா எப்படி மாஸ்டர் எறியறது?"

"தோத்துட்டிருந்தா?"

"கடைசி ரவுண்டுல திருப்பிடுவான்னு தோணும்."

"இவ வேணாம். வேற யாரு? உங்கம்மா?"

"அய்யோ, மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே எறிஞ்சிடும். அதுகிட்ட நான் சொல்லவே இல்லை."

"சரி. யாரோ ஒருத்தர் எறிஞ்சிட்டாங்கன்னு வை. அவங்களை என்ன பண்ணுவ?"

வேம்பு யோசிக்கவே இல்லை. "ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்."

"ஏன்?"

"வெளியில நான் யாரு மாஸ்டர்? பாத்திரக் கடையில தட்டு துடைச்சு அடுக்கறவ. ரிங்குல நிக்கறப்பதான் உயிரோட இருக்கற மாதிரி இருக்கு. அதைப் புடுங்கினவங்ககிட்ட என்ன பேச்சு?"

மாஸ்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் ஒருத்தர் எறிஞ்சாரு. எங்க மாஸ்டர். அதுக்கப்புறம் நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டாரு. சாவுக்கும் நான் போகலை."

வேம்புவின் முகம் தெளிந்தது. தன்னைப் புரிந்துகொள்ள ஒரு ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம், பாவம். தோளில் கிடந்த துண்டை உருவி மாஸ்டர் கையில் வைத்தாள்.

"அப்ப நீங்களே வாங்கிக்குங்க மாஸ்டர். உங்களுக்குத்தான் என் மனசு தெரியும்."

மாஸ்டர் வாங்கிக்கொண்டார். பொறுமையாக நாலாக மடித்தார். ரிங்கின் மூலைக்குப் போய் நின்றார். கயிற்றுக்கு மேலாகத் துண்டை உள்ளே எறிந்தார். அது தேங்கிய தண்ணீரில் விழுந்து நனைந்தது.

வேம்புவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"இன்னும் போட்டியே ஆரம்பிக்கலையே மாஸ்டர்!"

"முடிஞ்சு போச்சு."

"உங்களை நம்பித்தானே குடுத்தேன்? நீங்க நல்லா இருப்பீங்களா?" ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். "இனி செத்தாலும் உங்ககூடப் பேச மாட்டேன்."

மாஸ்டர் கயிற்றைப் பிடித்தபடி, எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"பேசாத. கல்யாணம் பண்ணு, புள்ள பெத்துக்க, பல்லெல்லாம் கொட்டிக் கிழவியாகு. அப்பவும் என்கூடப் பேசாம இரு. எனக்கு அது போதும்."