மாப்பிள்ளைக்கு வேர்க்குது

"குருவே, இந்தப் பெட்டி என் மானத்தை வாங்குது!"

கல்யாண வீடியோ எடுக்கும் செல்வகணபதிக்கு ஐம்பத்திரண்டு வயது. அவர் குருவே என்றது கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஷமீமாவை. அவளுக்கு இருபத்தெட்டு. எடிட்டிங் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து அவருக்கு அவள் குருதான்.

"என்ன செய்யுது அண்ணே?"

"எடிட் பண்ணினதை ஒரே படமா ஆக்குற ரெண்டர் கால்வாசி ஆனதும் சூடேறி ஆஃப் ஆயிருது. மூணு தடவை ஆச்சு. ஆறு மணிக்கு ரிசப்ஷன். காலையில நடந்த கல்யாணத்தைச் சாயங்காலமே திரையில காட்டுறேன்னு பொண்ணோட அப்பாகிட்ட சத்தியம் பண்ணிட்டேன்."

மணி ஒன்று.

ஷமீமா கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்தாள். பக்கவாட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் கிராபிக்ஸ் கார்டு நிமிர்ந்து நின்றது. அதன் மூன்று ஃபேன்களும் கண்ணாடியை முட்டாத குறை. நடுவே ஒரு விரல்கூட நுழையாது.

"இது படுத்துல்ல கிடந்துச்சு?"

"நேத்துதான் நிமிர்த்தினேன். அஞ்சு கலர்ல லைட் எரியுது. தரையைப் பார்த்து எரிஞ்சா யாருக்குத் தெரியும்? வர்ற கஸ்டமருக்கு முகம் காட்ட வேண்டாமா? இப்பப் பாருங்க, மேடையில உக்காந்த மாப்பிள்ளை கணக்கா!"

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று முறை காலை வாரிய பெட்டியைப் பற்றித்தான் இவ்வளவு பெருமை.

ஷமீமா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். சுரீரென்றது. கையை எடுத்துக்கொண்டாள்.

"ஃபேன் மாத்தணுமா? புது கார்டே வாங்கணுமா? சொல்லுங்க குருவே."

"வீடியோவைப் போடுங்க."

"எதுக்கு?"

"கல்யாணம் பார்க்கணும்."

அவருக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் குரு சொல்லிவிட்டாளே. போட்டார்.

முகூர்த்த நேரம். மேடை கொள்ளாத கூட்டம். சித்தப்பாக்கள், அத்தைகள், அட்சதைத் தட்டோடு ஒரு மாமா. எல்லோரும் மாப்பிள்ளையை ஒட்டி நின்றார்கள். பாவம், அவர் முகத்தில் வேர்வை கொட்டியது.

கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது.

"ஏப்பா, மாப்பிள்ளைக்கு வேர்க்குது! ஃபேனை மறைச்சுக்கிட்டா நிக்கிறது? தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்!"

ஷமீமா வீடியோவை நிறுத்தினாள்.

"யாரு அண்ணே கத்துறது?"

செல்வகணபதி திரையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

ஐந்து மணிக்கு ரெண்டர் முடிந்தது. பெட்டி ஒரு முறைகூட முரண்டு பிடிக்கவில்லை.

ஆறரைக்குத் திரையில் அந்தக் குரல் கேட்டதும் மண்டபமே கொல்லென்று சிரித்தது. மாப்பிள்ளைதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ரொம்ப சந்தோஷம்ங்க. ஆனா நீங்க போட்ட சத்தத்தை மட்டும் வெட்டியிருக்கலாமே?"

செல்வகணபதி பதறிப்போனார்.

"ஐயோ, அது குருவாக்குங்க. வெட்டக்கூடாது."