கொம்புள்ளவர்தான் தலைவர்

மூங்கில் மண்டிய ஒரு காட்டில் புள்ளிமான் கூட்டம் ஒன்று வாழ்ந்து வந்தது, குழந்தைகளே. அதற்குத் தலைவி அல்லி என்ற பெண்மான். காற்றை மோந்தே தண்ணீர் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவாள். கோடையில் குட்டை வற்றினால் கூட்டம் அவள் பின்னால்தான் போகும்.

அதே கூட்டத்தில் சூரன் என்ற ஆண்மான் இருந்தான். மரக்கிளை போல விரிந்த கொம்புகள் அவனுக்கு! எல்லோரும் கொம்பைப் புகழ்வார்கள். வழியை மட்டும் அல்லியிடம் கேட்பார்கள். சூரனுக்கு வயிறு எரியும். அவள் பெயரைக் கேட்டாலே வாயிலிருக்கும் புல் கசக்கும்.

ஒருநாள் அவன் ஆண்மான்களைக் கூட்டினான்.

"ஒரு பெண்ணின் வாலைப் பார்த்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் நடப்பது? இனிமேல் கொம்புள்ளவர்தான் தலைவர்!"

"சரியாகச் சொன்னீர்கள், அண்ணே!" என்று அவர்கள் தலையாட்டினார்கள்.

"தலைமைக்குக் கொம்பு எதற்கு? அனுபவம் போதாதா?" என்று கேட்டாள் அல்லி.

"கேள்வி கேட்க உனக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது? போ, கடைசியில் நட!" என்றான் சூரன்.

கோடை வந்தது. குட்டை வற்றியது. சூரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தான். முதல் நாள் வெறும் பாறைதான் கிடைத்தது. இரண்டாம் நாள் காய்ந்த ஓடை. குட்டிகள் நாக்கு வறண்டு தள்ளாடின.

"மேற்கே போ, தம்பி. காற்றில் ஈரம் வருகிறது," என்றாள் அல்லி.

அந்த ஈரம் சூரனின் மூக்கிலும் பட்டது. ஆனால் அவள் சொன்னபடி போவதா? வேண்டுமென்றே கிழக்கே திரும்பினான்.

அங்கே ஒரு முட்புதரில் அவன் கொம்பு மாட்டிக்கொண்டது. இழுத்தான். இரண்டு கொம்புகளும் பொத்தென்று விழுந்தன! மான் கொம்பு வருடத்துக்கு ஒருமுறை உதிர்ந்து மறுபடி முளைப்பதுதான். பொறாமையில் சூரன் அதை மறந்தே போயிருந்தான்.

"கொம்புள்ளவர்தான் தலைவர் என்றால், இனி நான்தான் தலைவன்!" என்றான் ஓர் ஆண்மான். "நீயா? நான்!" என்றான் இன்னொருவன். இருவரும் முட்டிக்கொண்டார்கள்.

மொட்டைத் தலையோடு நின்ற சூரன் பதறிப்போனான். "நிறுத்துங்கள்! கொம்பில் என்ன இருக்கிறது? தலைமைக்கு அனுபவம்தான் முக்கியம்!"

பெண்மான்கள் சிரித்துவிட்டார்கள். "அதைத்தானே அக்கா அன்றைக்கே கேட்டாள்?"

அல்லி அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மேற்கே நடந்தாள். பெண்மான்கள் தொடர்ந்தார்கள். முட்டிக்கொண்டிருந்தவர்களும் தாகம் தாங்காமல் பின்னாலேயே ஓடினார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லோரும் ஒரு சுனையில் வாய் வைத்துவிட்டார்கள்.

சூரன் கடைசியாக வந்து சேர்ந்தான். அவனுக்கு மிஞ்சியது கலங்கிய தண்ணீர்தான்.

நீதி: பிறரை ஒதுக்குவதற்காகப் போட்ட சட்டம், போட்டவரையும் ஒருநாள் ஒதுக்கும்.